ஆலத்தியூரைத் தேட பிரவுசருக்கு என்ன சொல்லிவைக்க வேண்டும்?

பிரவுசரின் உச்சியில் இருக்கும் நீளப் பட்டை ஒரு காலத்தில் இணைய முகவரி அடிப்பதற்கு மட்டுமே இருந்தது. தேடுவதற்கு அதன் பக்கத்தில் தனியாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 2008-இல் வந்த கூகுள் குரோம் இரண்டையும் ஒன்றாக்கியது. பயர்பாக்ஸ், 2017 நவம்பரில் வெளியான 57-ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்தது. இப்போது பட்டையில் எதை அடித்தாலும் அது முகவரியா, தேடுசொல்லா என்று பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. முகவரி இல்லையென்றால் ஒரு தேடுபொறிக்கு அனுப்பிவிடுகிறது.

எந்தத் தேடுபொறிக்கு அனுப்புவது, எந்த மொழிப் பக்கங்களுக்கு முதலிடம், எங்கே தேடுவது ஆகிய மூன்றையும் பிரவுசரைச் செய்தவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஊர்களுக்கும் பிரபலமான விஷயங்களுக்கும் அந்த முடிவு போதும். சின்ன ஊர்களுக்குப் போதாது. அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்து ஆலத்தியூரைத் தேடிப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

ஒரே ஊர், மூன்று மாவட்டம்

ஆங்கில எழுத்தில் ஆலத்தியூர் என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் கேரளம். மலப்புரம் மாவட்டத்தில் திரூருக்கு அருகே, அனுமன் கோயிலுக்குப் பேர்போன இன்னொரு ஆலத்தியூர் இருக்கிறது. பெயரைக் கொஞ்சம் தவறாக அடித்துவிட்டால் ஆலத்தூர் வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் பெயர் அது. கேரளத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்கும் அதே பெயர்.

அடுத்த சிக்கல் மாவட்டம். 1995 வரை இந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் இறுதியில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் தனி மாவட்டமானது. ஆகவே 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பகுதியைத் திருச்சிராப்பள்ளியின் கீழ் பார்க்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் அரியலூர். 2005-ஆம் ஆண்டு அரசாணை என்றால் பெரம்பலூர். 2011 கணக்கெடுப்புக்கு வந்தால் திரும்பவும் அரியலூர்.

ஊரின் அடையாளமாக இருக்கும் சிமெண்ட் ஆலையும் பெயர் மாறியதுதான். 1997-இல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது நிறுவனத்தின் பெயர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ். 2013-இல் அது தி ராம்கோ சிமெண்ட்ஸ் ஆனது. சிமெண்ட் என்ற சொல்லையே செய்தித்தாள்கள் சிமெண்ட், சிமென்ட், சிமெண்டு என்று மூன்று விதமாக எழுதுகின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘த்தி’ வரும் இடத்தில் ஒரு ‘டி’ போடுவோர் உண்டு, இரண்டு போடுவோரும் உண்டு, கூடவே ‘எச்’ சேர்ப்பவர்களும் உண்டு.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொண்டு அடிக்க யாராலும் முடியாது. ஒரே ஒரு தடவை பிரவுசரிடம் சொல்லிவைத்துவிட்டால் போதும். அதற்கான வழி குரோம், மைக்ரோசாப்ட் எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய பிரவுசர்களில் இருக்கிறது.

இயல்புத் தேடுபொறி

முதலில் மாற்றக்கூடியது இயல்புத் தேடுபொறி. குரோமில் ‘செட்டிங்ஸ்’ போய் ‘சர்ச் என்ஜின்’ என்ற பகுதியைத் திறந்தால் கூகுள், பிங், டக்டக்கோ முதலிய பெயர்கள் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாப்ட் எட்ஜில் பிங்தான் இயல்பாக இருக்கும். அதை மாற்ற ‘பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ்’ பகுதிக்குள் ‘அட்ரஸ் பார் அண்ட் சர்ச்’ வரை போக வேண்டும். பயர்பாக்ஸில் ‘சர்ச்’ என்று தனிப் பக்கமே உண்டு.

பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதனால்தான் அந்த இடத்துக்கு இவ்வளவு விலை. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடுபொறியே இயல்பாக இருப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்தது என்று சொன்னது.

தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு தேடுபொறியும் வெவ்வேறு அளவில் திரட்டி வைத்திருப்பதால், ஒன்றில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். இரண்டு மூன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. டக்டக்கோவில் ஒரு கூடுதல் வசதி உண்டு: ஆச்சரியக்குறியோடு ஒரு சிறு எழுத்தைச் சேர்த்துத் தேடினால் அது நேராக வேறொரு தளத்துக்கு அனுப்பிவிடும். ஆச்சரியக்குறியும் ஆங்கில ‘ஜி’யும் சேர்ந்தால் கூகுள், ‘டபிள்யூ’ சேர்ந்தால் ஆங்கில விக்கிப்பீடியா.

சுருக்கச்சொல்

இயல்புத் தேடுபொறியைவிடப் பயன் மிகுந்தது சுருக்கச்சொல். ஒரு தளத்தின் தேடல் பெட்டிக்குப் பிரவுசரிடம் ஒரு செல்லப்பெயர் வைப்பதுதான் இது. பட்டையில் அந்தப் பெயரை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, தேடுசொல்லை அடித்தால் பிரவுசர் அந்தத் தளத்திலேயே தேடித் தரும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு தளத்தில் எதையாவது தேடியதும் மேலே இருக்கும் முகவரியைப் பார்த்தால், தேடிய சொல் அதற்குள்ளேயே இருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தால் வேறு தேடல். அந்த இடத்தைப் பிரவுசருக்குக் காட்ட விழுக்காட்டுக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்து ‘எஸ்’ஸும் போட வேண்டும். மீதி வேலையைப் பிரவுசர் செய்துகொள்ளும்.

குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘சர்ச் என்ஜின்’, ‘மேனேஜ் சர்ச் என்ஜின்ஸ் அண்ட் சைட் சர்ச்’ என்ற வரிசையில் போய் ‘சைட் சர்ச்’ என்பதற்கு எதிரே உள்ள ‘ஆட்’ பொத்தானை அழுத்தினால் மூன்று கட்டங்கள் வரும். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் சுருக்கச்சொல், மூன்றாவதில் குறி போட்ட முகவரி. எட்ஜிலும் ஏறக்குறைய இதே கட்டங்கள்தான். பயர்பாக்ஸில் புக்மார்க் ஒன்றை உருவாக்கி, அதன் முகவரியில் அந்தக் குறியைப் போட்டு, ‘கீவேர்டு’ கட்டத்தில் சுருக்கச்சொல்லை எழுதினாலும் போதும்.

தமிழில் தேடுபவர்கள் சுருக்கச்சொல்லையும் தமிழிலேயே வைப்பது நல்லது. ஆங்கில எழுத்தில் வைத்தால் முதலில் ஆங்கில விசைப்பலகை, பிறகு தமிழ் விசைப்பலகை என்று ஒவ்வொரு தேடலுக்கும் நடுவில் மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்கு நேராகத் தளத்துக்கே போய்விடலாம் என்று தோன்றிவிடும்.

வைத்துக்கொள்ளத் தகுந்த சில:

- ‘வி’: தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கியது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.
- ‘சொ’: தமிழ் விக்சனரி.
- ‘லெ’: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தமிழ் எழுத்திலேயே தேடலாம்.
- ‘நூ’: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய நூல்களும் இதழ்களும் இங்கே கிடைக்கும்.

சுருக்கச்சொல்லாக ‘வா’, ‘பூ’ போன்ற நடைமுறைச் சொற்களை வைக்கக் கூடாது. ‘பூ விலை’ என்று சாதாரணமாகத் தேடினாலும் பிரவுசர் அதைச் சுருக்கச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். குரோமில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு: அதே பக்கத்தில், இடைவெளி விட்டாலும் சுருக்கச்சொல் வேலை செய்யட்டுமா, ‘டேப்’ விசையை அழுத்தினால் மட்டும் செய்யட்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம்.

ஊருக்கு ஒரு சுருக்கச்சொல்

சுருக்கச்சொல்லைத் தளத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, ஊருக்கும் வைக்கலாம். மூன்றாவது கட்டத்தில் எழுதும் முகவரியில் குறி போக மீதி இடத்தில் மாறாத சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆலத்தியூருக்குப் பிடிப்பு கிடைப்பது இங்கேதான்.

முதலில் கூகுளில் ஒருமுறை நிதானமாக இப்படித் தேட வேண்டும்:

சிமெண்ட் ஆலத்தியூர் (அரியலூர் | பெரம்பலூர் | திருச்சி) -மலப்புரம்

நடுவில் உள்ள செங்குத்துக் கோடு ‘இவற்றுள் ஏதாவது ஒன்று’ என்று பொருள்படும். மூன்று மாவட்டப் பெயர்களில் எது இருந்தாலும் பக்கம் வந்துவிடும். மலப்புரத்துக்கு முன்னால் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கும் கழித்தல் குறி, அந்தச் சொல் உள்ள பக்கங்களைத் தள்ளிவிடும். முடிவுகள் வந்ததும் மேலேயுள்ள முகவரியில் ‘கியூ’ எழுத்தும் சமக்குறியும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடிய வாசகம் அங்கே தொடங்கி, அடுத்த & குறியோடு முடிகிறது. அந்த & குறியிலிருந்து பின்னால் வருவதையெல்லாம் அழித்துவிடலாம். பிறகு ‘சிமெண்ட்’ இருந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியையும் ‘எஸ்’ஸையும் போட்டு, முழு முகவரியையும் மூன்றாவது கட்டத்தில் ஒட்டி, சுருக்கச்சொல்லாக ‘ஊ’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

இனிமேல் ‘ஊ பள்ளி’, ‘ஊ சுண்ணாம்புக்கல்’, ‘ஊ பேருந்து’ என்று அடித்தாலே ஊரும் மூன்று மாவட்டப் பெயர்களும் மலப்புரத் தடையும் சேர்ந்த முழுத் தேடல் நடக்கும். கழித்தல் குறிக்கு ஒரு விலை உண்டு. இரண்டு ஆலத்தியூரையும் ஒப்பிட்டு எழுதிய பக்கம் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

முகவரியை நகல் எடுத்து ஒட்டும்போது தமிழ் எழுத்துகள் மறைந்து, விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்ட வரிசை வந்து மிரட்டும். இது பிழை இல்லை. ‘ஆலத்தியூர்’ கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறியீடு. த், தி, யூ, ர் ஆகியவற்றில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்வதால், ஊர்ப் பெயர் மட்டும் தொண்ணூறு இடத்துக்கு நீண்டுவிடுகிறது. அப்படியே ஒட்டலாம், பிரவுசருக்குப் புரியும்.

பழைய ஆவணங்களுக்கு இன்னொரு சுருக்கச்சொல் தேவைப்படும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் டிஸ்கி, டேப், பாமினி என்று பல குறியாக்கங்களில் உருவாயின. தமிழ்நாடு அரசு ஒருங்குறிக்கு மாறுவதாக அறிவித்ததே 2010-இல்தான். அதற்கு முந்தைய பிடிஎஃப் கோப்புகளில் உள்ள தமிழ், தேடுபொறிக்குப் பெரும்பாலும் வெறும் கிறுக்கல். அவற்றில் ஆங்கிலத்தில் உள்ள பெயர்களையும் எண்களையும் பிடித்துத்தான் உள்ளே போக முடியும். ஆகவே ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துவகைகளைச் செங்குத்துக் கோட்டால் இணைத்து, ‘மெட்ராஸ் சிமெண்ட்ஸ்’ காலத்துப் பெயரையும் தேவைப்பட்டால் சேர்த்து, ‘ஊஆ’ என்று இரண்டாவதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

தேடுபொறி தானாகவே ஆலத்தூர் என்று திருத்திக்கொள்வதும் உண்டு. கூகுளில் முடிவுப் பக்கத்தின் ‘டூல்ஸ்’ பகுதியில் ‘வெர்பாட்டிம்’ என்பதைத் தேர்ந்தால் அடித்ததை அடித்தபடியே தேடும்.

பக்கத்துக்குள் தேடுவது

நீளமான அரசாணையோ கணக்கெடுப்புப் பட்டியலோ திறந்ததும் ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘எஃப்’ அழுத்தித் தேடுவது வழக்கம். இங்கே ‘ஆலத்தியூர்’ என்று முழுப் பெயரை அடித்தால் ஆலத்தியூரில், ஆலத்தியூருக்கு, ஆலத்தியூரைச் சேர்ந்த என்பவையெல்லாம் நழுவிவிடும். வேற்றுமை உருபு ஏறியதும் கடைசி ‘ர்’ மாறிவிடுகிறதே. ‘ஆலத்தியூ’ என்று ‘யூ’வோடு நிறுத்தினால் எல்லா வடிவங்களும் அகப்படும். ஊர் என்று முடியும் எந்தப் பெயருக்கும் இந்த வழி பொருந்தும்: அரியலூருக்கு ‘அரியலூ’, பெரம்பலூருக்கு ‘பெரம்பலூ’.

சுருக்கச்சொல் எடுபடாத இடங்கள்

சில தளங்களில் தேடிய சொல் முகவரியில் வருவதே இல்லை. பட்டா, சிட்டா பார்க்கும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேட்டுத் தளம் அப்படிப்பட்டது. மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்து, படத்தில் உள்ள எழுத்துகளையும் அடித்த பிறகே விவரம் வரும். இதற்குச் சுருக்கச்சொல் வைக்க முடியாது. பக்கத்தைப் புக்மார்க் செய்து, பெயரில் ‘பட்டா’ என்று எழுதி வைப்பதுதான் வழி. புக்மார்க்கின் பெயரிலேயே ‘அரியலூர், செந்துறை’ என்றும் சேர்த்துவிட்டால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் கண்ணெதிரே இருக்கும்.

வைத்த புக்மார்க்கைப் பட்டையிலிருந்தே எடுக்கலாம். குரோமில் @ குறியோடு ஆங்கிலத்தில் ‘புக்மார்க்ஸ்’ என்று அடித்து ‘டேப்’ அழுத்தினால் புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடும். ‘ஹிஸ்டரி’ என்று அடித்தால் பார்த்த பக்கங்களுக்குள். ‘டேப்ஸ்’ என்றால் திறந்திருக்கும் பக்கங்களுக்குள். பயர்பாக்ஸில் ஒற்றைக் குறியே போதும்: * போட்டால் புக்மார்க், ^ போட்டால் பார்த்தவை, % போட்டால் திறந்திருப்பவை. போன வாரம் பார்த்த பக்கத்தை இணையம் முழுக்கத் திரும்பத் தேடுவதைவிட இது விரைவு.

மொழியும் விசைப்பலகையும்

பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் பக்கம் கேட்டுப் போகும்போது, பயனருக்கு எந்தெந்த மொழி எந்த வரிசையில் வேண்டும் என்ற பட்டியலையும் கூடவே அனுப்புகிறது. ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘லாங்குவேஜஸ்’ பகுதியில் தமிழைச் சேர்த்து மேலே நகர்த்தினால், இரு மொழியிலும் இருக்கும் பல தளங்கள் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து தரும். பிரவுசரின் மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கலாம்; இரண்டும் வேறு வேறு அமைப்பு.

விசைப்பலகைக்குத் தனி மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையும், உச்சரிப்பு முறையில் அடிக்கும் அஞ்சல் விசைப்பலகையும் விண்டோஸ் 10-இன் 2019 மே புதுப்பிப்பிலிருந்து கூடவே வருகின்றன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் விசையையும் ‘ஸ்பேஸ்’ விசையையும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

போனில்

போன் பிரவுசர்களில் வசதி குறைவு. ஆண்ட்ராய்டு குரோமில் தேடுபொறிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, கணினியைப் போல மூன்று கட்டம் நிரப்பிப் புதிதாகச் சேர்க்க இடமில்லை. பயர்பாக்ஸின் ஆண்ட்ராய்டு பதிப்பில் முடியும். ‘செட்டிங்ஸ்’, ‘சர்ச்’ என்று போனால் தேடுபொறியைச் சேர்க்கும் இடம் வரும். பெயரும் குறி போட்ட முகவரியும் கொடுத்துவிட்டால் பட்டையின் ஓரத்தில் அதைத் தேர்ந்துகொண்டு தேடலாம். ஊருக்கான முகவரியைக் கணினியில் உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் ஒட்டிக்கொள்வது எளிது.

வேறு பிரவுசருக்கு மாற விரும்பாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. போன் விசைப்பலகையின் தனி அகராதியில் ‘ஊ1’ என்று அடித்தால் ‘ஆலத்தியூர் (அரியலூர் | பெரம்பலூர் | திருச்சி) -மலப்புரம்’ என்ற முழு வாசகமும் பரிந்துரையாக வரும்படி சேர்த்து வைக்கலாம். கூகுளின் ஜிபோர்டில் இந்த வசதி இருக்கிறது.

பொதுக் கணினியில்

பட்டையில் அடிப்பது ஒவ்வொரு எழுத்தாகத் தேடுபொறிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அடித்து முடிக்கும் முன்பே பரிந்துரைகள் வருவது அதனால்தான். ஆதார் எண்ணையோ பட்டா எண்ணையோ அங்கே ஒட்டுவது நல்லதல்ல. வீட்டுக் கணினியில் ‘சர்ச் சஜெஷன்ஸ்’ அல்லது ‘ஆட்டோகம்ப்ளீட்’ என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் ‘என்டர்’ அழுத்தும் வரை எதுவும் வெளியே போகாது. இ-சேவை மையம், நூலகம், பிரவுசிங் சென்டர் போன்ற இடங்களில் ‘கெஸ்ட்’ முறையில் திறந்தால், சன்னலை மூடியதும் பார்த்தவையெல்லாம் அந்தக் கணினியிலிருந்து அழிந்துவிடும். சொந்தக் கணக்கில் நுழைந்து சுருக்கச்சொற்களை அங்கே கொண்டுவர முயன்றால், கடவுச்சொற்களும் சேர்ந்தே அந்தக் கணினிக்கு வரக்கூடும்.

பராமரிப்பு

தளங்கள் புதுப்பிக்கப்படும்போது முகவரியின் அமைப்பு மாறும். அன்றைக்கு அந்தத் தளத்தின் சுருக்கச்சொல் வெற்றுப் பக்கத்தைத் திறக்கும். தளத்துக்குள் ஒருமுறை எதையாவது தேடி, புதிய முகவரியை எடுத்துக் குறியைப் போட்டுப் பழையதை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கணினி மாற்றும்போது குரோமும் பயர்பாக்ஸும் தத்தம் கணக்கின் வழியே அமைப்புகளைக் கொண்டுவந்து தரும் என்றாலும், சுருக்கச்சொற்களையும் முகவரிகளையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மாவட்ட எல்லையோ நிறுவனத்தின் பெயரோ மறுபடி மாறினால் புதுப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டும். பழைய பெயரை எடுத்துவிடக் கூடாது. பழைய ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.